தாழ்ப்பாள் இல்லாத வீடு

இருட்டினதும் வாசல் கதவு 'கிர்ர்ர்' என்று அதிர்ந்தது.

எனக்கு உயிரே போய்விட்டது. குழந்தை பூவிழியை வாரி எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன்.

தச்சர் பலராமன் டிரில்லிங் மிஷினோடு குந்தியிருந்தார். "பயந்துட்டியாம்மா? தாழ்ப்பாள் போடறேன். உன் வீட்டுக்காரரு ஜான்சன் தம்பிதான் போன் பண்ணிச்சு."

"தாழ்ப்பாளா? நம்ம வீட்டுக்கா?"

கல்யாணமாகி வந்த நாளாக நான் கெஞ்சியது. இவர் கேட்கவே இல்லை. போலீஸ், கேஸ் என்றால் மரக்காணம் உப்பளத்து ஜனங்கள் ஓடி வருவது இவரிடம்தான். "தட்டிட்டு நிக்க அவங்களுக்கு நேரம் இருக்காது வினோ" என்பார். 'என் வீட்டுக்குத் தாழ்ப்பாள் கிடையாது' என்று சொல்லித்தான் ஓட்டும் கேட்டார். எலெக்‌ஷன் நேரத்தில் போனில் மிரட்டல் வேறு. நான் சரியாகத் தூங்கியே எத்தனை நாளாச்சு!

இன்று ஜெயித்துவிட்டார். கவுன்சிலர்! பஜாரில் பட்டாசு இன்னும் ஓயவில்லை.

"கவுன்சிலர் வீட்ல கண்டவங்களும் நுழையலாமா?" என்று சிரித்தபடி பலராமன் மிஷினைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

ஆசையாகத் தாழ்ப்பாள் மேல் கை வைத்தேன். அதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து விழுந்தாள் சின்னப்பாப்பா அக்கா. காலெல்லாம் உப்பளத்துச் சேறு.

"தம்பி இல்லியா? என்னைப் போலீஸ் தேடுது. மழையில உடைஞ்ச வரப்பை நான் வெட்டி விட்டேன்னு ராஜாங்கம் எழுதிக் குடுத்துட்டாரு."

"அவருக்கு உங்க மேல என்ன கோபம்?"

"கூலி ஏத்திக் கேட்டேன்ல."

ராஜாங்கம் உப்பள முதலாளி. மத்தியானம் இவருக்கு முதல் மாலை போட்டவரும் அவர்தான். எனக்கு அப்போது பெருமையாகக்கூட இருந்தது.

இவருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை.

வாசலில் ஜீப் வந்து நின்றது. அக்கா அடுப்படியில் போய் ஒண்டினாள். குழந்தை வீறிட்டது.

"வினோ, நான்தான்."

மாலையும் கழுத்துமாக இவர்! பின்னால் ராஜாங்கமும் இரண்டு போலீஸ்காரர்களும்.

போன உயிர் திரும்பி வந்தது. "நல்லவேளை வந்தீங்க. சின்னப்பாப்பா அக்கா உள்ளதான் இருக்காங்க. இவங்களைப் பேசி அனுப்பிடுங்க."

இவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அக்காவை வரச் சொல்லு. ஸ்டேஷன்ல சும்மா ஒரு விசாரணை. காலைல விட்டுடுவாங்க. நான் பேசிட்டேன்."

"பொம்பளை போலீஸ் யாரையும் காணோமே?"

"சின்ன விஷயம் வினோ. ஜெயிச்ச அன்னிக்கே தகராறு வேணாம்."

"என்ன தம்பி, வீட்லயே மனு குடுக்குறாங்களா?" என்று சிரித்தார் ராஜாங்கம். இவரும் கூடச் சிரித்தார்.

அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் மெதுவாகக் கேட்டது. "தம்பி குரல்தானே அது? இனிமே பயமில்ல."

நான் வாசலை மறித்து நின்றேன்.

"பொழுது சாஞ்சப்புறம் பொம்பளையை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போகக் கூடாதுன்னு குப்பம் குப்பமா சொல்லிக் குடுத்தது நீங்கதாங்க."

"சரி நகரு, நான் உள்ள வந்து அக்காகிட்ட பேசிக்கறேன்."

"விடிஞ்சதும் வாங்க" என்றேன்.

கதவைச் சாத்தி, அவர் போடச் சொன்ன புதுத் தாழ்ப்பாளை உள்ளேயிருந்து போட்டேன்.