பென்சில் பெண்களின் வெள்ளிக்கிழமை

வாசல் பக்கச் சுவரோரம் நாற்காலியில் அவர் உட்கார்ந்ததும் உட்காராததுமாக, தங்கம்மாள் புத்தகத்தைக் கொண்டுவந்து மடியில் வைத்துவிட்டாள். குசலம் விசாரிக்கக்கூட விடவில்லை. வாங்கவேண்டிய திட்டை முதலில் வாங்கித் தொலைத்துவிடலாம் என்று எண்ணம்.

அவர் பெயர் ஹான்ஸ். அவள் வாயில் அன்சு. எழுபத்து நாலில் ஆசிரமத்துக்கு வந்து, செங்கம் ரோட்டில் இந்த வீட்டு மாடியறையில் எட்டு மாதம் குடியிருந்தவர். ஊருக்குக் கிளம்பும்போது, பத்திரமாக வைத்திருங்கள், அடுத்த கார்த்திகை தீபத்துக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று இந்தப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். பத்து தீபம் கழித்து இப்போதுதான் வந்திருக்கிறார்.

நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் அவர் நாட்டு ஓவியர் ஒருவர் பென்சிலால் வரைந்த பெண்கள். பக்கத்துக்கு ஒருத்தி. ஜன்னலோரம் தைப்பவள், கடிதம் படிப்பவள், கன்னத்தில் கைவைத்துத் தூங்குபவள்.

அவர் போன பிறகு ஒரு வெள்ளிக்கிழமை எடுத்துப் பார்த்தாள். அத்தனை லட்சணமான பெண்கள் வெறும் நெற்றியோடு இருந்தது பொறுக்கவில்லை. குங்குமத்தைத் துளித் தண்ணீரில் குழைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

புருஷன் சகாதேவன் தடுத்திருக்க வேண்டும். அவரோ பக்கம் புரட்டிக் கொடுத்தார். தூங்குறவளுக்கு மெதுவா வை, எழுந்துக்கப் போறா என்றார். ஒருத்தி முதுகைக் காட்டி நின்றாள். இவளுக்கு என்னா பண்ணுவ என்று மடக்கினார். தங்கம்மாள் அவளுக்கு வகிட்டில் வைத்தாள். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

அந்தச் சாயங்காலத்தை நினைத்தால் அவளுக்கு இப்போதும் நெஞ்சு நிறைந்துவிடும்.

அடுத்தவர் பொருளைக் கெடுத்துவிட்டோமே என்ற பயம் மறுநாள்தான் வந்தது. ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தாள். ஒருத்திக்கு மூக்குவரை சிவப்பு இழுத்துக்கொண்டது. அதோடு விட்டுவிட்டாள்.

ஹான்ஸ் திறந்தார்.

முதல் பெண்ணின் நெற்றியில் சிவப்பு. பத்து வருஷம் மூடியே கிடந்ததில் எதிர்ப்பக்கத்திலும் அந்தப் பொட்டு ஒட்டியிருந்தது. அடுத்தவளுக்கும் அப்படியே. முதுகைக் காட்டியவளிடம் வந்ததும் புரட்டுவதை நிறுத்திவிட்டார்.

தங்கம்மாள் தரையைப் பார்த்தபடி நின்றாள்.

அவர் திட்டவில்லை. அந்த வகிட்டை விரலால் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். பிறகு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். எட்டு மாதத்தில் கற்ற தமிழ் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

"எல்லாருக்கும் வச்சீங்க. உங்களுது எங்கம்மா?"

விவரம் தெரியாத மனுஷன். திட்டுக்குத்தான் அவள் தயாராக இருந்தாள், இதற்கு இல்லை.

அவர் தலைக்கு மேலே, சுவரில், சட்டம் போட்ட சகாதேவன் இருந்தார். கண்ணாடியில், நெற்றிக்கு நேராக, காலையில் மகள் வைத்த குங்குமம்.

"என்னுது அங்க இருக்குதுங்க" என்று கையைக் காட்டினாள்.