அட்டையில் இருந்த வயது

“எழுபத்தொண்ணு ஆவுது இல்ல, பாட்டி?” என்று கேட்டபடி டாக்டரம்மா ஆதார் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

அம்சவள்ளி தலையை ஆட்டினாள். ஆட்டி ஆட்டிப் பழகிய தலை.

மூக்கோரம், கண்ணுக்குக் கீழே, மிளகு அளவில் வந்த கறுப்பு மரு ஆறாத புண்ணாகி ஒன்றரை வருஷம். போன வாரம் அதிலிருந்து துளி சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினார்கள்.

தோல் புற்றுநோய் என்று வந்திருந்தது.

நல்ல சேதி சொல்ல யாரும் விழுப்புரம் வரைக்கும் கூப்பிட மாட்டார்கள் என்று திண்டிவனத்தில் பஸ் ஏறும்போதே அவளுக்குத் தெரியும். கூட வர ஆள் இல்லை. பக்கத்து சீட்டில் பையை வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

“பயப்படாதீங்க. இது மெதுவா வளர்ற வகை. கண்ணைத் தொடவே பத்து வருஷம் ஆகலாம். இந்த வயசுல மூஞ்சியில கத்தி வெச்சு, வேற இடத்துத் தோலை எடுத்து ஒட்டி, உங்களைப் படுத்த வேணாம். களிம்பு தர்றேன். மூணு மாசத்துக்கு ஒருக்கா வந்து காட்டுங்க.”

தங்கமான பெண். எழுபத்தொரு வயதுக்காரிக்கு அவர் சொன்னதில் ஒரு குறையும் இல்லை.

ஆனால் அம்சவள்ளிக்கு ஐம்பத்தாறுதான்.

பத்து வருஷம் போனால் அறுபத்தாறு. அதற்குமேல் கண்ணில்லாமல் எத்தனை காலம் சுவரைத் தடவிக்கொண்டு கிடப்பது? புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். மகன் திருப்பூரில் இருக்கிறான், பொங்கலுக்குக்கூட போன் வருவதில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு கொடுக்க நாதியில்லை.

முகத்தைப் பார்த்து யாரும் சந்தேகப்படவும் போவதில்லை. பெருமுக்கல் பக்கம் வேர்க்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லையில் நாற்பது வருஷமாகத் தின்ற வெயில் அந்த முகத்தில் இருந்தது. புண்ணைக் கொண்டுவந்ததும் அந்த வெயில்தான் என்றார் டாக்டரம்மா.

களிம்புச் சீட்டோடு கதவு வரைக்கும் போய்விட்டாள். வயதைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டிவரும். ஆனாலும் திரும்பி வந்தாள்.

“எனுக்கு அம்பத்தாறுதாம்மா. கத்தியே வெச்சிடுங்க.”

டாக்டரம்மா நிமிர்ந்தார். “அப்ப கார்டுல ஏன் கூட இருக்கு? முதியோர் பணம் வாங்கவா?”

“இல்லீங்க. அது எங்க அக்கா வயசு.”

அக்கா பிள்ளை பெற்ற மூன்றாம் நாள் செத்துப்போனாள். பச்சைக் குழந்தைக்காக இருபது வயதில் இவளை அக்கா புருஷனுக்கே கட்டிவைத்தார்கள். ரேஷன் கார்டில் ஒரு பேரை எடுத்து இன்னொன்றைச் சேர்க்கத் தாலுகா ஆபீசுக்கு யார் அலைவது? பெண்டாட்டி என்று ஒரு பேர் இருக்கிறதே, அதுவே இருக்கட்டும் என்றார் மாமனார். ஓட்டு அட்டை அதைப் பார்த்து வந்தது. ஆதார் அதைப் பார்த்து வந்தது. ஊரும் அப்படியே கூப்பிட்டது. சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட அம்மா ஒருத்தி இருந்தாள். அவள் போயும் பதினாறு வருஷம்.

டாக்டரம்மா எல்லாம் கேட்டு முடித்துக் களிம்புச் சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

“அப்ப உங்க பேரு என்னம்மா?”

“சின்னபொண்ணு.”

சீட்டில் அம்சவள்ளி என்று இருந்ததன் மேல் பேனா ஒரு கோடு போட்டது.

அதைப் பார்த்ததும் அவள் வாய்விட்டு அழுதாள். ஆபரேஷனுக்குப் பயந்துதான் அழுகிறாள் என்று நினைத்த டாக்டரம்மா, வலிக்காது, மரத்துப்போக ஊசி போடுவோம் என்று தோளைத் தட்டிக்கொடுத்தார்.

அக்கா செத்த அன்று இவள் அழவே இல்லை. குழந்தை பாலுக்குக் கத்துகிறது என்று, அழ விடாமல் கையில் கொடுத்துவிட்டார்கள்.