ஆறாவது டிராக்

சாக்ஸஃபோன், டபுள் பாஸ், இரண்டு மோர்சிங், ஒரு உடுக்கை. ரூபன் சேர்த்த அந்த ஜாஸ் குழுவில் உடுக்கை வாசித்தவள் தமயந்தி. ஆல்பம் வெளியீட்டு விழாவில்தான் அவள் ஆறாவது டிராக்கை முதன்முதலாகக் கேட்டாள். அதில் உடுக்கையே இல்லை. ஒலிப்பதிவின் இடைவேளையில், இறந்துபோன மகளை நினைத்து அவள் தனியாக முனகிய தாலாட்டு இருந்தது. அதன்மேல் ரூபனின் சாக்ஸஃபோன் படர்ந்தது.

“ரெக்கார்டிங்கை நிறுத்திட்டேன்னு சொன்னியே, ரூபன்.”

“நிறுத்தத்தான் போனேன் தமா. கேட்டதும் மனசு வரல. கவர்ல உன் பேரைத்தான் முதல்ல போட்டிருக்கேன்.”

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. பலர் கண்களைத் துடைத்துக்கொண்டார்கள். அவள் பின்வாசல் வழியாக வெளியேறினாள்.

மறுநாள் காலை, மகளின் படத்துக்கு முன் உட்கார்ந்து தாலாட்டைத் தொடங்கினாள். இரண்டாவது வரி முடிவதற்குள் தலைக்குள் சாக்ஸஃபோன் வந்து சேர்ந்துகொண்டது.