தொங்கட்டான்

"காதுலதான் தொங்கட்டான் போடுவாங்க. என் வொய்ஃப் கையில போட்டிருக்கா, டாக்டர்."

சொல்லிவிட்டு ஷ்யாம்சுந்தர் தானே சிரித்தான். குரோம்பேட்டையில் அழகு சிகிச்சை மையம் வைத்திருந்த டாக்டர் வைத்தீஸ்வரன் சிரிக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த அவன் மனைவி விஷ்ணுப்ரியா, முழங்கை வரை இருந்த ஜாக்கெட் கையை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

சேலையூர் வீட்டில் மூன்று மாதமாக ஓடிக்கொண்டிருந்த ஜோக் அது. அதற்கு முன்னால் ஓடியது, "உனக்குத் தாம்பரம் ஸ்டேஷன்ல ரெண்டு டிக்கெட் எடுக்கணும்." அந்த ஜோக்குக்குப் பயந்துதான் அவள் தினமும் காலையில் மாடம்பாக்கம் கோயில் வரை நடந்து பாதியாக இளைத்தாள். எடை போய்விட்டது. மேல்கைத் தோல் மட்டும், பந்தலைப் பிரித்த பிறகும் அவிழ்க்க மறந்த துணி போல அங்கேயே தங்கிவிட்டது. குண்டாக இருந்தபோது ஒரு ஜோக், இளைத்தபோது ஒரு ஜோக். ஷ்யாம் எதையும் வீணாக்காதவன்.

"இப்ப என்ன அவசரம் சார்?" என்றார் டாக்டர்.

"ஏப்ரல்ல எங்க கம்பெனி டின்னர், ஈ.சி.ஆர்ல. எங்க எம்.டி. கிரீஷ் சாரே வொய்ஃபோட வருவார். லேடீஸ் எல்லாம் ஸ்லீவ்லெஸ். இவளை எப்படிக் கூட்டிட்டுப் போறது? போன வருஷம் இவளுக்கு வைரல் ஃபீவர்னு சொன்னேன். அதுக்கு முன் வருஷம் டெங்கு. இனிமே எந்தக் காய்ச்சல் பாக்கி இருக்கு, நீங்களே சொல்லுங்க."

டாக்டர் விஷ்ணுப்ரியா பக்கம் திரும்பினார். "நீங்க என்னம்மா சொல்றீங்க?"

"எனக்கும் ஒரு தடவை அவர்கூடப் போகணும்தான் டாக்டர். காய்ச்சல் இல்லாம. ஆனா ஆபரேஷன் வேணாம். முழுக்கை ஜாக்கெட் போட்டுக்கறேன்."

"பாத்தீங்களா? மூணு மாசமா இதே ரெக்கார்டுதான்" என்றான் ஷ்யாம். "ஏன் வேணாம்னு கேட்டா வாயில கொழுக்கட்டை."

"சும்மா கையைப் பாத்துடறேம்மா. அப்புறம் முடிவு பண்ணுங்க" என்று டாக்டர் எழுந்தார்.

நர்ஸ் திரையை இழுத்து மூடினாள். வெளியே ஷ்யாம் போனைத் தடவிக்கொண்டிருந்தான். உள்ளே கேமரா இரண்டு முறை சொடுக்கியது.

"ஆபரேஷன் பண்ணா அக்குள்லேருந்து முழங்கை வரைக்கும் ஒரு தழும்பு நிக்கும்மா" என்று டாக்டரின் குரல் கேட்டது.

"உள்பக்கம்தானே டாக்டர், அங்க யார் பாக்கப் போறா?" வெளியிலிருந்தே பதில் சொன்னான் ஷ்யாம்.

திரைக்குப் பின்னால் விஷ்ணுப்ரியா தாழ்ந்த குரலில் கேட்டாள். "இந்த இடத்தை மட்டும் விட்டுட்டுப் பண்ண முடியாதா டாக்டர்?"

"முடியாதும்மா. தொய்வே இங்கதான். முதல்ல போறது இதுதான்."

"பர்த்டே கேக்காடி அது? இந்தப் பீஸை விட்டுட்டு வெட்டுங்கன்னு சொல்றதுக்கு!" ஷ்யாமுக்குத் தன் நகைச்சுவை தானே பிடித்துப்போய்விட்டது. "ஆங், டாக்டர், ஒண்ணு கேக்க மறந்துட்டேன். அங்க கருகருன்னு ஒரு படை வேற இருக்கு. ஆயின்மென்ட் போடு, ஆயின்மென்ட் போடுன்னு வருஷக்கணக்கா கத்தறேன், கேக்க மாட்டா. அதுவும் சேந்து போயிடுமில்ல?"

 

டாக்டர் வெளியே வந்து அவனை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். "படையா?"

"படையோ, தேமலோ, ஏதோ ஒரு கர்மம்."

"போயிடும் சார்."

பின்னாலேயே வந்த விஷ்ணுப்ரியா ஜாக்கெட் கையைச் சரிசெய்துகொண்டே சொன்னாள். "எடுத்துடுங்க டாக்டர். எப்ப வரணும்?"

மூன்று மாதம் முரண்டு பிடித்தவள் ஒரே நிமிடத்தில் இறங்கி வந்துவிட்டாள். திரும்பும் வழியில் ஜி.எஸ்.டி. ரோட்டு நெரிசலில் ஹாரன் அடித்தபடி, எதையும் சொல்கிற விதத்தில் சொன்னால் யாரும் கேட்பார்கள் என்று ஷ்யாம் தன்னையே மெச்சிக்கொண்டான்.

டின்னருக்கு முதல் நாள் கடைசிப் பரிசோதனை. விஷ்ணுப்ரியா தானே வாங்கிய கையில்லாத குர்தாவில் வந்திருந்தாள். கை வழவழவென்று ஒடுங்கியிருந்தது.

"அட, விளம்பரத்துல வர்ற கை மாதிரி இருக்கே!" என்றான் ஷ்யாம். "முன்னாடி எடுத்த படத்தைக் காட்டுங்க டாக்டர். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ரசிக்கணும்."

டாக்டர் கம்ப்யூட்டர் திரையை அவன் பக்கம் திருப்பினார். முதல் படத்தில் கை தொங்கிக்கொண்டிருந்தது. ஷ்யாம் சிரித்தான். அடுத்த படத்தில், உறை போட்ட இரண்டு விரல்கள் அந்தத் தொய்ந்த தோலை இழுத்து நிமிர்த்திப் பிடித்திருந்தன. மடிப்புக்குள் சுருண்டு கிடந்த படை விரிந்து, கோணல்மாணலான பச்சை எழுத்துகளாகியிருந்தது.

சியாம்.

கல்யாணமான புதிதில், மாமல்லபுரம் கடற்கரையில், 'ஷ' எழுத வராத பச்சை குத்துகிறவளிடம் அவளை உட்காரவைத்து, "ஆயுசுக்கும் என்னைக் கையிலயே வெச்சுக்கணும்" என்று அவன்தான் குத்தச் சொன்னான்.

"ப்ரியா... இது..."

"அதே படைதாங்க. ஆயின்மென்ட்ல போகாதது இதுல சுத்தமாப் போயிடுச்சு" என்று எழுந்தாள் விஷ்ணுப்ரியா. "நாளைக்கு டின்னருக்கு நீங்க மட்டும் போயிட்டு வாங்க, கிரீஷ் சார் கேட்டா எனக்குச் சிக்குன்குனியான்னு சொல்லிடுங்க, அது ஒண்ணுதான் பாக்கி."