ஆமைத் தாத்தா தலையை நீட்டினாரு

பேத்தி பொறந்த சேதி கேட்டு ஆமைத் தாத்தா பக்கத்துக் குளத்துக்குக் கிளம்பினாரு. போய்ச் சேர்றதுக்குள்ள அவ பேசவே ஆரம்பிச்சுட்டா.

நேருக்கு நேர் பார்த்ததும் ரெண்டு பேர் தலையும் ஓட்டுக்குள்ள போயிடுச்சு.

"அப்பா, முதல்ல நீங்க தலையை நீட்டுங்க"ன்னா மக.

"ஆபத்து போனப்புறம்தாம்மா நீட்டணும். அதானே நம்ம வழக்கம்?"

"அவளுக்கு இப்ப ஆபத்தே நீங்கதான்!"

இப்படியே இருந்தா பேத்தி முகத்தையே பார்க்காம திரும்பணும். தாத்தா துணிஞ்சு கழுத்தை முழுசா நீட்டினாரு.

ரொம்ப நேரம் கழிச்சு அவளும் எட்டிப் பார்த்தா. கடுகளவு கண்ணு. அதுக்குள்ள தாத்தா முழுசாத் தெரிஞ்சாரு, வானத்தோட.

அப்ப மேல பருந்து நிழல் போச்சு. பேத்தி தன்னோட ஓட்டுக்குள்ள போகல. தாத்தா வயித்துக்கு அடியில புகுந்துட்டா.

"பருந்து போயிடுச்சுப்பா"ன்னா மக.

"மெதுவாப் பேசு"ன்னாரு தாத்தா.