கணப்புச்சட்டி

மொட்டுகள் உதிர்ந்து கிடந்தன.

அவர் குனிந்து ஒன்றை எடுத்தார். நுனி மஞ்சளாகியிருந்தது. விரல்களால் அழுத்தினார். உள்ளே ஒன்றுமில்லை.

கண்ணாடி அறைக்கு வெளியே புல்லெல்லாம் உறைபனி. ஊட்டியில் தை மாதக் காலை அப்படித்தான் இருக்கும். உள்ளே இருபது தொட்டி ஃப்ரீசியா பூச்செடி. எல்லாம் அவர் மனைவி கமலவேணி நட்ட கிழங்குகள். பனி பட்டால் போச்சு.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் படுத்ததுமே அவரைத் திருப்பி அனுப்பிவிட்டாள். அவளுக்குத் துணைக்குத் தங்கை இருந்தாள். பூவுக்கு யாருமில்லை.

அவர் குளிர விடவில்லை. சந்துகளில் சாக்குத் திணித்தார். பொழுது சாயும்போது கணப்புச்சட்டியில் கரி போட்டு, கனிந்ததும் தொட்டிகளுக்கு நடுவில் வைத்தார். பதினோரு நாள். ஒரு நாள் தவறவில்லை மனுஷன்.

நர்சரி வைத்திருக்கும் பெள்ளியைக் கூட்டிவந்து காட்டினார்.

பெள்ளி செடியைப் பார்க்கவில்லை. சட்டியைப் பார்த்தார். சாக்கைப் பார்த்தார்.

"குளிரு இல்லீங்க. கரிதான். மூடுன எடத்துல வெச்சா அதுலருந்து வர்ற காத்து மொட்டைக் கருக்கிரும். கண்ணுக்குத் தெரியாது."

சாக்குகளை உருவிப் போட்டுவிட்டுப் பெள்ளி போய்விட்டார்.

கண்ணுக்குத் தெரியாது.

சட்டி புதிதல்ல. ஒன்பது குளிர்காலம் அது கமலவேணியின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது. அவளுக்குக் குளிர் ஆகாது. ஜன்னல் சந்தில் துணி அடைத்தது அவர்தான்.

நான்காம் வருடம் இருமல் வந்தது.

குளிர்தான் என்று இன்னும் கொஞ்சம் கரி சேர்த்துப் போட்டார்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று டாக்டர் கேட்டார், வீட்டில் யாராவது சிகரெட், பீடி பிடிப்பார்களா என்று. அந்தப் பழக்கமே இல்லை என்று இவர் பெருமையாகச் சொன்னார். பாவி.

போன் அடித்தது.

"ஞாயித்துக்கெழம அனுப்பிடறாங்களாம்." கமலவேணிக்கு மூச்சு வாங்கியது. "பூத்துருச்சுங்களா?"

"இன்னும் இல்ல."

"பரவால்ல. வந்து பாத்துக்கறேன்." கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. "அங்க குளிரு தாங்காதுங்க. நான் வர்றதுக்கு முந்தியே ரூம்ல கணப்பு போட்டு வெச்சிருங்க. நீங்க பாத்துக்கிட்டதாலதான் இத்தன வருசம் ஓட்டிட்டேன்."

கையிலிருந்த மொட்டை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.