பன்னிரண்டாம் நம்பர் அறையில் கடல்

அலை ஒன்று ஓங்கி அடித்துப் பாறையில் சிதறியது.

"கேக்குதா? பாறை நுனியில நின்னுதான் பேசறேன். காத்து ஆளையே தூக்குது!" என்று போனில் கத்தினார் ஒலிப்பதிவாளர்.

"பார்த்து நில்லுங்க. கால் வழுக்கப் போகுது" என்றாள் மறுமுனையில் மனைவி.

வழுக்க வாய்ப்பே இல்லை. கால்கள் இரண்டும் தலையணை மேல் இருந்தன. கடல், மேசை மேலிருந்த ஸ்பீக்கருக்குள் இருந்தது. இடம், அவர் வீட்டிலிருந்து மூன்றே தெரு தள்ளி ஒரு லாட்ஜ், பன்னிரண்டாம் நம்பர் அறை.

வாரம் ஒரு ஊரைச் சத்தத்தாலேயே சுற்றிக் காட்டும் வானொலி நிகழ்ச்சி அவருடையது. சந்தை இரைச்சல், படகுத் துடுப்பு, ரயில் பாலம் தாண்டும் தடதடப்பு என்று ஊர் ஊராகப் போய்ப் பிடித்து வருவார். கண்ணை மூடிக் கேட்டால் டிக்கெட் இல்லாமலே அங்கே போய் இறங்கிவிடலாம். எறும்பு நடந்தாலும் கேட்கும் என்பதால் நிலையத்தில் அவருக்குப் பாம்புக்காதர் என்று பெயர்.

அப்பேர்ப்பட்ட காதுக்குத்தான் சோதனை வந்தது. அவருடைய அக்கா பத்து நாளாக வீட்டில் வந்து தங்கியிருந்தாள். அக்கா நல்லவள், தம்பி மேல் உயிரையே வைத்திருப்பவள். ஆனால் காலையில் வாயைத் திறந்தால் மூட மாட்டாள். அன்றைக்கு மிச்சம் இருப்பதைத் தூக்கத்தில் பேசி முடிப்பாள்.

தாங்க முடியாமல், "கடல் சத்தம் பிடிக்கப் போறேன்" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவர், மூன்று நாளாக இங்கே பழைய கடலை ஓடவிட்டுப் படுத்திருந்தார். மாட்டினால் தொலைந்தார். போன வருடம் "மலை உச்சியில் இருக்கேன்" என்று சொன்னபோது, தெருவில் போன ஐஸ்கிரீம் வண்டியின் மணி காட்டிக்கொடுத்துவிட்டது. மனைவி அன்றைக்கே கறாராகச் சொல்லிவிட்டாள்: "இன்னொரு தடவை பொய் சொல்லுங்க, உங்க அக்காவை நிரந்தரமா இங்கேயே வச்சுக்கறேன்."

இப்போது போனில் குக்கர் விசில் அடித்தது. ஒன்று. இரண்டு. மூன்றாவது விசில் பாதியில் விக்கி நின்றது. உடனே அக்காவின் குரல்: "உப்புப் போட்டியா இல்லியா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தன் வீட்டுச் சமையலறை வாசலிலேயே போய் நின்றுவிட்டார். நேற்றும் மூன்றாவது விசில்தான் விக்கியது, அக்காவும் இதையேதான் கேட்டாள். முந்தாநாளும் அப்படித்தான். பாவம் மனைவி, தினமும் இதே பாட்டைக் கேட்டுக்கொண்டு அடுப்படியில் வேகிறாளே என்று அவருக்கு மனசு உருகிவிட்டது.

"உனக்குத்தாம்மா ரொம்பக் கஷ்டம்."

"என்ன பண்றது, தலையெழுத்து. அக்காகிட்ட குடுக்கட்டுமா? உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"வேணாம், வேணாம்! போன்ல சார்ஜ் இல்ல!" என்று பதறினார்.

மனைவி சிரித்த மாதிரி இருந்தது. பிறகு சட்டென்று, "ஏங்க, எட்டு அலைக்கு ஒரு தடவை அந்தப் பறவை கத்துதே, நேத்தும் இப்படியேதான கத்துச்சு?" என்றாள்.

அவர் சட்டென்று படுக்கையில் எழுந்து உட்கார்ந்தார். பன்னிரண்டு வருடமாக அவரோடு குப்பை கொட்டுகிறவள். எந்தப் பதிவானாலும் முதலில் கேட்டுவிட்டு, மைக்கை எங்கே வைத்திருக்க வேண்டும் என்று குறை சொல்வதும் அவள்தான்.

"அது வந்து... இந்த ஊர்ப் பறவைக்கு ஒழுங்கு ஜாஸ்தி" என்று உளறினார்.

"ஓஹோ."

அந்த 'ஓஹோ' அவருக்குச் சரியாகப் படவில்லை. எழுந்து போய் ஸ்பீக்கரின் சத்தத்தைக் கடைசி வரை திருகினார். அலை பொங்கியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மேசையிலிருந்த டம்ளர் நடக்க ஆரம்பித்தது.

"புயல் வர்ற மாதிரி இருக்கு! கேக்குதா?"

"ஐயோ, ஒண்ணுமே கேக்கல! பக்கத்துல வேற யாரோ எதையோ அலற விட்டுட்டாங்க. இருங்க, நிறுத்தச் சொல்லிட்டுக் கூப்பிடறேன்" என்று அவள் போனை வைத்தாள்.

அப்பாடா என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அடித்த புயலில் அவள் சந்தேகமும் அடித்துக்கொண்டு போயிருக்கும். ஆனாலும், அங்கே அவள் மாடாக உழைக்கும்போது தான் இங்கே கால் மேல் கால் போட்டுப் படுத்திருப்பது நெஞ்சை உறுத்தியது. வீட்டுக்குப் போனதும் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடலாமா என்றுகூட நினைத்தார்.

கதவு தட்டப்பட்டது. திறந்தால், லாட்ஜ் மேனேஜர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"சார், பதிமூணாம் நம்பர் ரூம் அம்மா கடலைக் கொஞ்சம் நிறுத்தச் சொன்னாங்க. இந்த இரைச்சல்ல, அவங்க போட்டுவிடற குக்கர் சத்தம் போன்ல வீட்டுக்காரருக்குக் கேக்காதாம்."